ஹெபடைட்டிஸ் சி சிகிச்சை: இப்பவே எடுக்கணுமா, தள்ளிப் போடலாமா? ஒரு சி.ஏ. போடும் கணக்கு

ஆபீஸ்ல ரத்த தான முகாம். எல்லாரும் கொடுக்கிறாங்கன்னு நீங்களும் கையை நீட்டுறீங்க. ஒரு ஜூஸ், ரெண்டு பிஸ்கட், சர்டிஃபிகேட்டோட ஒரு செல்ஃபி. சில வாரம் கழிச்சு ரத்த வங்கியில இருந்து போன் வருது. "ஒரு தடவை நேர்ல வந்துட்டுப் போங்க."

ஹெபடைட்டிஸ் சி இருப்பது இப்படித்தான் தெரிய வரும். இல்லைன்னா வெளிநாட்டு வேலைக்கான மெடிக்கல்ல, ஒரு சின்ன ஆபரேஷனுக்கு முன்னாடி எடுக்கிற டெஸ்ட்ல, கர்ப்ப கால பரிசோதனையில. பெரும்பாலும் உடம்புல எந்தத் தொந்தரவும் இருக்காது. மஞ்சள் காமாலை வந்திருக்காது. ஜிம்முக்குப் போயிட்டு இருப்பீங்க, நைட் ஷிஃப்ட் பார்த்துட்டு இருப்பீங்க. அதனாலதான் அந்தக் கேள்வி வருது: "நல்லாத்தானே இருக்கேன், ட்ரீட்மென்ட்டை இப்பவே எடுக்கணுமா?"

பண விஷயம் பேசுற இடத்துல இது எதுக்குன்னு நினைக்கலாம். தள்ளிப் போட நினைக்கிறவங்க சொல்ற காரணங்களைக் கவனிச்சுப் பாருங்க. "இன்சூரன்ஸ் வெயிட்டிங் பீரியட் முடியட்டும்." "ஹோம் லோன் சாங்ஷன் ஆகட்டும்." "கல்யாணச் செலவு முடியட்டும்." "அப்ரைசல் முடியட்டும், ஹெச்.ஆருக்குத் தெரிஞ்சா வம்பு." எல்லாமே பணமும் பேப்பரும் சம்பந்தப்பட்ட காரணங்கள். நான் டாக்டர் இல்லை. எந்த மாத்திரை, எத்தனை வாரம் என்பதை உங்க டாக்டர்தான் சொல்லணும். ஆனா இந்தப் பணக் காரணங்கள் கணக்குல நிக்குமான்னு பார்க்கிறது என் வேலை. முடிவை முதல்லயே சொல்லிடுறேன்: பெரும்பாலானவை நிக்காது.

ஒரு ரிப்போர்ட்டை வெச்சு முடிவு எடுக்காதீங்க

முதல்ல வர்றது ஆன்டிபாடி டெஸ்ட். இந்த வைரஸ் எப்பவாவது உங்க உடம்புக்குள்ள வந்திருக்குன்னு மட்டும்தான் அது சொல்லும். இப்ப இருக்கான்னு சொல்லாது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, தொற்று வந்தவங்கள்ல சுமார் 30 சதவீதம் பேருக்கு எந்தச் சிகிச்சையும் இல்லாம ஆறு மாசத்துக்குள்ள வைரஸ் தானா போயிடுது. மீதி 70 சதவீதம் பேருக்கு அது நாள்பட்ட தொற்றா தங்கிடுது.

வைரஸ் இப்ப ரத்தத்துல இருக்கான்னு காட்டுறது ஹெச்.சி.வி. ஆர்.என்.ஏ. டெஸ்ட். அது நெகட்டிவ் வந்தா சிகிச்சை என்ற பேச்சே பெரும்பாலும் இல்லை. பாசிட்டிவ்னா அடுத்த கேள்வி, கல்லீரல்ல எவ்வளவு தழும்பு விழுந்திருக்கு என்பது. சாதாரண ரத்தப் பரிசோதனை, ஃபைப்ரோஸ்கேன் இரண்டிலும் அது ஓரளவு தெரிஞ்சிடும். இந்த ரெண்டு கேள்விக்கும் பதில் வர்ற வரைக்கும் இன்சூரன்ஸ், லோன், கல்யாணம் எதைப் பத்தியும் முடிவெடுக்காதீங்க. பாதி பேலன்ஸ் ஷீட்டை வெச்சுக்கிட்டு யாரும் கம்பெனி வாங்க மாட்டாங்க இல்லையா?

அப்பா காலத்துப் பயம் இப்ப செல்லாது

"அந்த ட்ரீட்மென்ட் ரொம்பக் கொடுமை, வேலையை விடணும்"னு யாராவது உங்ககிட்ட சொன்னா, அவங்க பொய் சொல்லலை. பழைய கதையைச் சொல்றாங்க. முன்னாடி இன்டர்ஃபெரான் ஊசியும் ரிபாவிரின் மாத்திரையும்தான். 24 வாரம் அல்லது 48 வாரம். காய்ச்சல், சோர்வு, ரத்த சோகை, மனச்சோர்வு எல்லாம் கூடவே வரும். இவ்வளவு பட்டும், வைரஸின் சில வகைகளில் பாதிப் பேருக்குத்தான் குணமாகும். அந்தக் காலத்துல நோய் முத்தாத ஒருத்தருக்கு டாக்டரே "கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்"னு சொன்னதுல நியாயம் இருந்தது.

2013 டிசம்பர்ல அமெரிக்காவுல சோஃபோஸ்புவிர் என்ற மாத்திரைக்கு அனுமதி கிடைச்சது. வேலை செஞ்சது, ஆனா விலை? 12 வார கோர்ஸுக்கு 84,000 டாலர். ஒரு மாத்திரை 1,000 டாலர். 2014-ல அதைத் தயாரிச்ச கிலியட் நிறுவனம் இந்திய ஜெனரிக் கம்பெனிகளுக்கு லைசென்ஸ் கொடுத்தது. 2015-ல இங்க 28 மாத்திரை கொண்ட பாட்டில் 20,000 ரூபாய்க்குள்ள கடைக்கு வந்துடுச்சு. உலகத்துல பல நாட்டுக்காரங்க இந்தியாவுல தயாரான இந்த மாத்திரைக்காக அலைஞ்ச காலம் அது.

2018 ஜூலை 28-ல மத்திய அரசு தேசிய வைரல் ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. இதன் கீழ் வரும் அரசு மருத்துவமனைகளில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். நம்ம முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் மாதிரி வருமான வரம்பு வெச்ச திட்டம் இல்லை இது. "நான் ஐ.டி.ல வேலை பார்க்கிறேன், எனக்கு எப்படிக் கொடுப்பாங்க"ன்னு தயங்க வேண்டாம். மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ விசாரிச்சா எங்க போகணும்னு சொல்லிடுவாங்க. மாசம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்கி இ.எஸ்.ஐ. பிடித்தம் ஆகிறவங்களுக்கு அந்த மருத்துவமனை வழியும் இருக்கு.

இப்ப பெரும்பாலானவர்களுக்கு 12 வாரம், அதாவது 84 நாள், வாய்வழி மாத்திரை மட்டும்தான். 95 சதவீதத்துக்கு மேல் குணமாகுது. தலைவலி, சோர்வு, குமட்டல் வரலாம். ஆனா பலரும் வழக்கம்போல வேலைக்குப் போயிட்டே முடிச்சிடுறாங்க.

சும்மா இருந்தா என்ன செலவு?

உலக சுகாதார நிறுவனம் சொல்றபடி, நாள்பட்ட தொற்று உள்ளவங்கள்ல 15 முதல் 30 சதவீதம் பேருக்கு 20 வருஷத்துக்குள்ள கல்லீரல் சுருக்கம் வரும் அபாயம் இருக்கு. இங்க 20 சதவீதம்னு எடுத்துக்குவோம். கீழே உள்ள ரூபாய்க் கணக்கு நான் வெச்சுக்கிட்ட உத்தேசம். உங்க ஊர், உங்க மருத்துவமனைக்கு ஏற்ப மாத்திக்கோங்க.

- தனியார்ல சிகிச்சை (மாத்திரை, டெஸ்ட், டாக்டர் ஃபீஸ்): 75,000 ரூபாய்.
- அரசு மருத்துவமனையில் சிகிச்சை (போக்குவரத்து, லீவு இழப்பு மட்டும்): 10,000 ரூபாய்.
- கல்லீரல் சுருக்கம் வந்தால் ஆயுள் முழுக்க ஆகும் செலவு (அட்மிஷன், எண்டோஸ்கோபி, சம்பள இழப்பு): 15 லட்சம் ரூபாய்.

15 லட்சத்தில் 20 சதவீதம் 3 லட்சம். அதாவது சிகிச்சையைத் தவிர்க்கிற ஒவ்வொருத்தரும் சராசரியா 3 லட்சம் ரூபாய் பொறுப்பைத் தலையில் ஏத்திக்கிறாங்க. அதை இறக்கி வைக்க ஆகும் செலவு 10,000-ல இருந்து 75,000 வரைக்கும். 50,000 சம்பளக்காரருக்குத் தனியார் செலவு ஒன்றரை மாசச் சம்பளம். பலர் போனுக்கே அவ்வளவு இ.எம்.ஐ. கட்டிட்டு இருக்கோம்.

"20 வருஷம் கழிச்சு வர்ற செலவை இன்னைய மதிப்புக்குக் குறைக்கணுமே"ன்னு ஃபைனான்ஸ் படிச்சவங்க கேட்பீங்க. சரிதான். 7 சதவீதத்துல குறைச்சா 3 லட்சம் இன்னைக்கு சுமார் 77,500 ஆகிடும். அப்பவும் தனியார் செலவை விடக் கம்மி இல்லை. மருத்துவச் செலவும் வருஷா வருஷம் ஏறுது என்பதையும் சேர்த்தா, குறைச்சது திரும்ப ஏறிடும். கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை வரைக்கும் போனா தனியார்ல அதுக்கு மட்டுமே 20 லட்சத்தைத் தாண்டலாம். அதை நான் கணக்குல சேர்க்கவே இல்லை. கல்லீரல் புற்றுநோயையும் சேர்க்கலை. குடிப்பழக்கம் இருந்தா அந்த 20 சதவீதம் இன்னும் மேல போகும்.

இதெல்லாம் சராசரிக் கணக்கு. லட்சம் பேரைக் காப்பீடு செய்ற கம்பெனிக்கு சராசரி உதவும். உங்களுக்கு இருப்பது ஒரே ஒரு கல்லீரல். "100-ல 80 பேருக்கு ஒண்ணும் ஆகாது" என்பது உண்மைதான். ஆனா அந்த 80-ல இருக்கேனா, 20-ல இருக்கேனான்னு முன்கூட்டியே சொல்ற ரிப்போர்ட் எதுவும் கிடையாது.

வெயிட்டிங் பீரியட் என்ற பொறி

என்கிட்ட வரி ஃபைல் பண்ற ஒருத்தர். வயசு 31. ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் இன்ஜினீயர், கைக்கு 52,000 வரும். ஆர்.என்.ஏ. பாசிட்டிவ் வந்த கையோட அவர் கேட்டது ஒரு புது ஹெல்த் பாலிசி. "மூணு வருஷம் வெயிட்டிங் முடியட்டும் சார், அப்புறம் பாலிசியிலயே ட்ரீட்மென்ட் முடிச்சிடுறேன். எதுக்குக் கைக்காசைப் போடணும்?"

கேட்க புத்திசாலித்தனமா இருக்கு. ஆனா இதுல மூணு ஓட்டை.

முதல் ஓட்டை: சாதாரண ஹெல்த் பாலிசி மருத்துவமனையில் தங்கி எடுக்கும் சிகிச்சைக்குத்தான் பணம் தரும். ஹெபடைட்டிஸ் சி சிகிச்சை, டாக்டரைப் பார்த்துட்டு வீட்டுக்கு வந்து மாத்திரை போடுறது. வெளிநோயாளி கவர் தனியா இல்லைன்னா, மூணு வருஷம் இல்லை, முப்பது வருஷம் காத்திருந்தாலும் அந்த மாத்திரை பில்லுக்கு க்ளெய்ம் கிடைக்காது. எந்தப் பணத்துக்காகக் காத்திருக்கிறாரோ அந்தப் பணம் வரவே போறதில்லை.

இரண்டாவது ஓட்டை: பாலிசி எதுக்குப் பணம் தரும்? கல்லீரல் கெட்டு அட்மிட் ஆனா தரும். அதாவது சின்னச் செலவை மிச்சம் பிடிச்சு, பெரிய செலவு வர்ற வரைக்கும் காத்திருக்கிறோம்.

மூணாவதுதான் பெரிசு. அவருக்கு ஆறு வயசுல விபத்து நடந்து ரத்தம் ஏத்தியிருக்காங்க. தானமா வர்ற ரத்தத்துல இந்த வைரஸுக்கு டெஸ்ட் பண்றது கட்டாயம் ஆகாத காலம். தொற்று அப்பவே வந்திருக்கலாம். ஃபைப்ரோஸ்கேன்ல மிதமான தழும்பும் இருந்தது. அவர் மனசுல கடிகாரம் ரிப்போர்ட் வந்த தேதியில் ஆரம்பிச்சது. கல்லீரலுக்கு அது 25 வருஷத்துக்கு முன்னாடியே ஆரம்பிச்சாச்சு. நமக்கே தெரியாம நம்ம பேர்ல ஓடிட்டு இருக்கிற கடன் மாதிரி. நோட்டீஸ் வந்த நாள்ல இருந்து வட்டி போட மாட்டான், கடன் வாங்கின நாள்ல இருந்துதான் போடுவான்.

அவர் அரசு மருத்துவமனையில் மருந்து வாங்கினார். செக்கப், மருந்து வாங்குறதுன்னு சில அரை நாள் லீவு போனது. முடிச்சு மூணு மாசம் கழிச்சு எடுத்த டெஸ்ட்ல வைரஸ் இல்லை. ஹெல்த் பாலிசி எடுங்கன்னு இப்பவும் நான்தான் அவர்கிட்ட சொல்றேன். ஆனா அது இந்த மாத்திரைக்காக இல்லை, மத்த எல்லாத்துக்கும்.

மறைச்சு பாலிசி எடுக்கலாமா?

நேரா பதில்: வேண்டாம். நியாயம் ஒரு பக்கம் இருக்கட்டும், கணக்கே இடிக்குது.

டெர்ம் இன்சூரன்ஸை எடுத்துக்கோங்க. காப்பீட்டுச் சட்டம் பிரிவு 45-ன்படி, பாலிசி ஆரம்பிச்சு மூணு வருஷம் ஆன பிறகு எந்தக் காரணம் சொல்லியும் அதைக் கேள்வி கேட்க முடியாது. "அப்போ மூணு வருஷம் தாக்குப் பிடிச்சா போதுமே"ன்னு சிலர் நினைக்கிறாங்க. அந்த மூணு வருஷத்துக்குள்ள உங்களுக்கு ஏதாவது ஆனா, மறைச்சதைக் காட்டி க்ளெய்மை மறுக்க அவங்களுக்கு உரிமை இருக்கு. அப்ப வாதாடப் போறது நீங்க இல்லை, உங்க அம்மாவோ மனைவியோ. நீங்க போட்ட கையெழுத்துக்கு அவங்க பதில் சொல்லணும்.

ஹெல்த் இன்சூரன்ஸ்ல 2024-ல ஐ.ஆர்.டி.ஏ.ஐ. விதிகளை மாத்தியிருக்கு. ஏற்கனவே உள்ள நோய்க்கான காத்திருப்புக் காலம் அதிகபட்சம் 36 மாசம். பாலிசி தொடங்கிய தேதிக்கு முந்தைய 36 மாசத்துக்குள்ள கண்டுபிடிச்சதோ, சிகிச்சை எடுத்ததோதான் அந்த "ஏற்கனவே உள்ள நோய்" என்ற வரையறைக்குள் வரும். இதை நல்லாப் படிங்க. இன்னைக்குச் சிகிச்சை எடுத்துக் குணமாகி, அப்புறம் எந்த மருத்துவமும் தேவைப்படாத ஆள் சில வருஷத்துல அந்த வரையறையை விட்டே வெளியே வந்துடலாம். சிகிச்சை எடுக்காம செக்கப் மட்டும் போயிட்டு இருக்கிற ஆள் உள்ளேயே இருப்பார். ஆனா ப்ரொபோசல் ஃபார்ம்ல "எப்பவாவது கல்லீரல் நோய் இருந்ததா"ன்னு கேட்டா, உண்மையை எழுதி, குணமான ரிப்போர்ட்டை இணைங்க.

பாலிசி தருவாங்களா, பிரீமியம் ஏத்துவாங்களான்னு கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஆனா "வைரஸ் இருக்கு, சிகிச்சை எடுக்கலை"ன்னு எழுதுற ஃபார்மை விட "இருந்தது, குணமாச்சு, இதோ ரிப்போர்ட்"னு எழுதுற ஃபார்ம் எப்பவும் வலுவானது. ஆபீஸ் குரூப் பாலிசி இருந்தா அதையும் படிச்சுப் பாருங்க. பல குரூப் பாலிசிகள் முதல் நாள்ல இருந்தே பழைய நோய்களையும் ஏத்துக்கும்.

வரியில் ஏதாவது கிடைக்குமா?

எதிர்பார்த்தது கிடைக்காது. பழைய வரி முறையில் 80டிடிபி என்ற பிரிவு சில நோய்களுக்கான செலவைக் கழிக்க விடும். புற்றுநோய், எய்ட்ஸ், நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு, ஹீமோஃபிலியா, தலசீமியா, சில நரம்பியல் நோய்கள் அந்தப் பட்டியல்ல உண்டு. ஹெபடைட்டிஸ் சி இல்லை. அது முத்திக் கல்லீரல் புற்றுநோய் ஆனா உண்டு. அந்தக் கட்டம் வரைக்கும் காத்திருந்து வரி மிச்சம் பிடிக்க யாரும் ஆசைப்பட மாட்டோம்.

80டி-யில் தடுப்பு மருத்துவப் பரிசோதனைக்கு 5,000 ரூபாய் வரை, 25,000 ரூபாய் மொத்த வரம்புக்குள் கழிக்கலாம். 60 வயசு தாண்டின அப்பா, அம்மாவுக்கு ஹெல்த் இன்சூரன்ஸ் இல்லைன்னா, அவங்களுக்கு நீங்க பண்ற மருத்துவச் செலவை 50,000 ரூபாய் வரை கழிக்கலாம். பணமா கொடுக்காம யு.பி.ஐ., கார்டு, பேங்க் வழியா கட்டணும். அவங்க காலத்துல ஊசி, ரத்தம் ஏத்தின பழைய கதை இருந்தா, அவங்களுக்கும் ஒரு ஆன்டிபாடி டெஸ்ட் எடுங்க. புதிய வரி முறையில் இந்தக் கழிவுகள் கிடையாது. நான் சொன்னது 1961 சட்டத்தின் பிரிவு எண்கள். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய சட்டத்தில் எண்கள் மாறுது.

ஆபீஸ், கல்யாணம், வீட்டு வைத்தியம்

ஹெச்.ஆர்.கிட்ட நோய்ப் பெயரைச் சொல்லி லீவு கேட்க வேண்டிய தேவை பெரும்பாலும் வராது. பக்கத்துல உட்கார்ந்தா, கேன்டீன்ல சேர்ந்து சாப்பிட்டா, கை கொடுத்தா இது பரவாது. ரத்தம் வழியா பரவும். ரேசர், பிளேடு, பல் தேய்க்கிற பிரஷ் மட்டும் பகிர்ந்துக்காதீங்க.

கல்யாணம் நிச்சயம் ஆகப் போகுதுன்னா, தள்ளிப் போட அது காரணம் இல்லை, சீக்கிரம் முடிக்கத்தான் காரணம். உடலுறவு மூலம் பரவும் வாய்ப்பு குறைவு, ஆனா இல்லவே இல்லைன்னு சொல்ல முடியாது. பெண்கள் இதை இன்னும் கவனமா பார்க்கணும். தாயிடமிருந்து குழந்தைக்குப் போகலாம், கர்ப்ப காலத்தில் இந்த மாத்திரைகளை வழக்கமா கொடுக்கிறதும் இல்லை. அதனால குழந்தைக்குத் திட்டமிடும் முன்னாடியே முடிச்சிடுறது நல்லது.

வீட்டுல "மஞ்சக்காமாலைதானே, கீழாநெல்லி குடி"ன்னு சொல்வாங்க. அவங்க அக்கறையைக் குறை சொல்ல முடியாது. ஆனா கீழாநெல்லி இந்த வைரஸை வெளியேத்தும்னு நிரூபணம் இல்லை. அதை நம்பிக் கழியற மாசங்களும் அந்தப் பழைய வட்டிக் கணக்குலதான் சேரும்.

தள்ளிப் போடுறது சரியா இருக்கும் நேரம்

இருக்கு. ஆனா அதை முடிவு பண்றது டாக்டர், லோன் ஆபீசர் இல்லை. கர்ப்பமா இருக்கும்போது. காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுத்துட்டு இருக்கும்போது. வலிப்புக்குக் கார்பமாசெபின், ஃபெனிடாயின் மாதிரி மாத்திரை போடும்போது. இதயத் துடிப்புக்கு அமியோடரோன் எடுக்கும்போது. ஹெபடைட்டிஸ் பி-யும் கூட இருக்கும்போது அதையும் சேர்த்துத்தான் திட்டமிடணும், இல்லைன்னா அடங்கி இருந்த பி வைரஸ் தலைதூக்கலாம். அசிடிட்டி மாத்திரை உட்பட நீங்க போடுற எல்லா மருந்தையும் ஒரு பேப்பர்ல எழுதிக் கொண்டு போங்க.

ஒரு ஃபைல் போடுங்க

ஃபார்ம் 16 வைக்கிற மாதிரி இதுக்கும் ஒரு ஃபைல், போன்ல ஒரு ஸ்கேன் காப்பி.

1. முதல் ஆர்.என்.ஏ. பாசிட்டிவ் ரிப்போர்ட், ஃபைப்ரோஸ்கேன்.
2. மருந்துச் சீட்டு, 84 நாளில் விட்டுப்போகாம போட்டதற்கான உங்க குறிப்பு. நடுவுல நிறுத்தினா பணமும் வீண், பலனும் சந்தேகம்.
3. முடிச்சு 12 வாரம் கழிச்சு எடுக்கும் ஆர்.என்.ஏ. ரிப்போர்ட். இதுல வைரஸ் இல்லைன்னா குணம்.

மூணாவது பேப்பரைத் தொலைக்காதீங்க. ஏன்னா குணமான பிறகும் ஆன்டிபாடி டெஸ்ட் வாழ்நாள் முழுக்கப் பாசிட்டிவ்னு காட்டலாம். பத்து வருஷம் கழிச்சு ஒரு விசா மெடிக்கல்லயோ, டெர்ம் பாலிசி மெடிக்கல்லயோ அந்தப் பாசிட்டிவ் வரும்போது பதில் சொல்லப் போறது அந்த ஒரு பேப்பர்தான். ஏற்கனவே கல்லீரல் சுருக்கம் வந்திருந்தா, குணமான பிறகும் ஆறு மாசத்துக்கு ஒருமுறை ஸ்கேன் தொடரணும். இதுக்குத் தடுப்பூசி கிடையாது, ஒருமுறை வந்து போனது இன்னொரு முறை வராம தடுக்காது. அதனால சலூன்லயும் டாட்டூ கடையிலயும் புது பிளேடு, புது ஊசி கேட்டு வாங்குங்க.

ஆர்.என்.ஏ. பாசிட்டிவ் ரிப்போர்ட் கையில இருந்தா, இந்த வாரம் அரை நாள் லீவு போட்டு அரசு மருத்துவமனையில விசாரிச்சுட்டு வாங்க. பாலிசி ஃபார்ம், லோன் ஃபார்ம் எல்லாம் அதுக்கப்புறம். இன்சூரன்ஸ் ப்ரொபோசல் ஃபார்மை எப்படி நிரப்பணும்னு அடுத்த வீடியோவுல ஒவ்வொரு கேள்வியா பார்ப்போம்.